கடை போனில் ஒரு 'ம்'

போன ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரம் எஸ்.டி.டி. பூத்துக்குள் செல்வியோடு நானும் நெருக்கிக்கொண்டு நின்றேன். தனியாகப் பேச அவளுக்குத் தைரியமில்லை.

செல்வி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. மாதா மாதம் அந்த நாட்களில் வலியில் சுருண்டு படுத்துவிடுவாள். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்பார்கள் ரூமில் கூட இருக்கும் பெண்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாருமா கம்பெனியில் வேலை செய்யும் லைனில் மயங்கி விழுகிறார்கள்? இவள் விழுந்தாள். இன்னொரு லீவு போட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

நான்தான் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி – "உங்க அம்மாவுக்கும் இப்படி வலி இருந்துதா?"

அம்மாவுக்கு சுகரா, பிரஷரா என்றால் செல்வி சொல்லியிருப்பாள். இதையெல்லாம் எந்த வீட்டில் பேசுகிறோம்?

"கேட்டுச் சொல்லும்மா. சில குடும்பத்துல இது தொடர்ந்து வரும். அப்படின்னா வெறும் வலி மாத்திரையோட விடக் கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்."

கேட்பது எப்படி? ஊரில் போன் இருப்பது மளிகைக் கடையில். ஆள் விட்டு அம்மாவைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பேசினால், கடையில் நிற்கும் அத்தனை ஆண்களும் காதைத் தீட்டிக்கொண்டு...

வேறு வழியில்லாமல் பூத்திலிருந்து கூப்பிட்டோம். மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா – எல்லாவற்றுக்கும் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. இந்தக் கேள்வி வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல... வச்சிரட்டுமா?"

"சீக்கிரம் பேசிக்கினு வாம்மா, வெளிய ஆளுங்க நிக்கிறாங்கோ" – பூத்காரர் கதவைத் தட்டினார்.

செல்வி விடவில்லை. "எம்மா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேக்கதுக்கு 'ம்' மட்டும் கொட்டு, போதும்."

வாந்தி வருமா? ம். எந்திரிச்சு நிக்க முடியாதா? ம். சித்திக்கும் இப்படித்தானா? ம்.

ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நானும் ஒவ்வொரு 'ம்'மையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யார்ட்டயாவது சொன்னியாம்மா?"

'ம்' வரவில்லை. வந்தது ஒரே கத்தல் –

"யார்ட்ட சொல்ல? கல்யாணம் ஆனா சரியாயிரும்னாவ. புள்ள பெத்தா சரியாயிரும்னாவ. நாலு பெத்தாச்சு, போச்சா? ஏளா, நீ டாக்டரம்மாட்ட எல்லாத்தையும் சொல்லு!"

செல்வி சொல்லிவிட்டாள். ஸ்கேனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சூப்பர்வைசரிடம் காட்ட டாக்டரம்மா சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்திருக்கிறார்.

அம்மா போட்ட அந்தச் சத்தம், கடையில் அரிசி பருப்பு வாங்க நின்ற ஆண்களுக்கும் நன்றாகவே கேட்டிருக்கும். கேட்கட்டும்... அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருப்பார்களே!