கசூரினாவுக்குப் போன மத்தியானம்

ஆஸ்பத்திரியில் வைத்தியர் அண்ணையின் ஈரலைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, நாங்கள் அளவெட்டி வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்ணை காரைநகர் பஸ்ஸைக் காட்டினார்.

“கசூரினாவுக்குப் போவம். கனகாலம் போகேல்லை.”

“அண்ணி பாத்துக்கொண்டிருப்பா, அண்ணை.”

“இருக்கட்டும். அவவுக்கு இண்டைக்கு ஒண்டும் சொல்லாதை.”

பள்ளி விடுமுறைக் காலம். கசூரினாக் கடற்கரை முழுக்கச் சனம். அண்ணை ஒன்றையும் விடவில்லை. கச்சான் கடலை வாங்கினார். சவாரிப் படகில் முன்னுக்கு இருந்து, தண்ணீர் முகத்தில் அடிக்கும்போதெல்லாம் அங்கிருந்த பிள்ளைகளோடு சேர்ந்து கத்தினார். பிறகு உடுப்போடு கடலில் இறங்கினார். ஆழமில்லாத கடல். நடந்து நடந்து வெகுதூரம் போய்விட்டார். எனக்குப் பயம் பிடித்தது.

“அண்ணை, போனது காணும்! திரும்பி வாங்கோ!”

அவர் அப்படியே நின்றார். கரைப்பக்கம் திரும்ப வெகுநேரம் எடுத்தார். நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். சவுக்கு மரத்தடியில் இருத்தி ஐஸ்கிறீம் கொடுத்தேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டார், உடனே சத்தியெடுத்தார். யாரும் பார்க்குமுன் காலால் மணலைத் தள்ளி மூடினார்.

வீட்டில் அண்ணி அவருடைய ஈரக் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

“கடலுக்கோ போனனீங்கள்? என்னையும் கூப்பிட்டிருக்கலாமே!”

“அடுத்த கிழமை நீயும் வா,” என்றார் அண்ணை.

அடுத்த கிழமை அவரால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணிக்குச் சொன்னோம்.