பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு புண்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் ஒன்று. தீபம் முடிந்து கூட்டமெல்லாம் வடிந்திருந்த மார்கழி மாசம். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மலையடிவாரத்தில் புல் அறுத்து வருவாள். பால் கறப்பதும் சமையலும் என் வேலை. மழைக்குப் பிறகு அங்கே இடுப்பளவு புல் கிடக்கும். அதற்குள் உட்கார்ந்துதான் அறுப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டவுனுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். காலையில் இறங்கும், சாயங்காலம் திரும்ப ஏறும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புல்லும் என் தலையில், சாணியும் என் தலையில், அவளுடைய நாலு வயசுப் பெண்ணும் என் தலையில். ராத்திரி படுத்தால் முதுகு தரையில் ஒட்டாது.

ஐந்தாம் நாள் வெந்நீரில் துண்டை நனைத்து அவள் உடம்பைத் துடைத்துவிட்டேன். இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கறுப்பாக ஒரு பொருக்கு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. சுற்றிலும் சிவந்திருந்தது.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா. அரிப்பு கூட இல்ல."

"இந்த இறுக்கு இறுக்கினா புண்ணாவாம இன்னா ஆவும்? தளர்த்திக் கட்டு" என்று திட்டிவிட்டு, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். எங்கள் பக்கம் அந்த இடத்தில் தழும்பு இல்லாத பொம்பளையே கிடையாது. அதை யார் பெரிசாக நினைப்பார்கள்?

எட்டாம் நாள் மூச்சு வாங்கியது, கண் மஞ்சளித்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொழுந்தனார் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். என் வீட்டுக்காரர் மாட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டார். துணைக்கு நான். இரண்டு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே கழிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. காய்ச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு இளவயசு டாக்டர் வந்தார். கூட நாலைந்து ஆண் பிள்ளைகள், படிக்கிறவர்கள் போல. எங்கே வேலை செய்தாள், என்ன சாப்பிட்டாள், எத்தனை நாளாய் என்று நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். கடைசியாக, "உடம்புல எங்கனா புண்ணு, காயம் இருக்காம்மா?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் மறைப்பு கூட இல்லாத அந்த வார்டில், அத்தனை ஆம்பளைகள் முன்னால் அவள் பாவாடையைத் தளர்த்தவா? நாடா புண்ணைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா? அதோடு, ஆமாம் என்றால் இன்னும் பத்து கேள்வி வரும். எனக்குக் கால் நிற்கவில்லை. அவர்கள் போனால் உட்காரலாம் என்று இருந்தது.

மத்தியானம் அவள் பிதற்ற ஆரம்பித்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாக்கா" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "அவங்க வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், இடுப்புல ஒரு புண்ணு கீதுங்க. இப்பதான் பாத்தேன்."

இப்பதான் பார்த்தேனாம்! வாய் கூசாமல் சொன்னேன்.

நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் பார்த்தார். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத உண்ணி கடித்த இடம் அது, காய்ச்சலே அதனால்தான் என்றார். மாட்டின் மேல் இருக்கும் உண்ணி இல்லையாம், இது வேறு. அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்து, கஞ்சி வேண்டும் என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"நல்லவேளை நீங்க பாத்தீங்கம்மா. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அவள் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம், "எங்கக்கா மட்டும் பாக்கலன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்" என்று சொல்வாள். ஐந்தாம் நாளே நான் பார்த்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை. தெருவில் எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும், கதவைச் சாத்திவிட்டு இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பார்க்கச் சொல்வேன். "வந்துட்டா பாரு, போலீஸ்காரி" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்றைக்கு அவள் போயிருந்தால், காய்ச்சலில் போய்விட்டாள் பாவம் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும், என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பயமாக இருக்கிறது.