ஒன்பதாம் இலக்க ஜேர்சி

ஈர ஜேர்சிகள் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயும்போது ஒரு மணம் வரும். சேறும் வியர்வையும் சவர்க்காரத்தூளும் சேர்ந்து அவிந்து, அதன்மேல் அடுப்பில் அம்மா தாளிக்கிற வெங்காயமும் ஏறி, மாடிப்படி வரைக்கும் நிற்கும் அந்த மணம்தான் என் சிறு வயதில் எனக்குக் கோடைகாலம். மற்றப் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் கடற்கரையும் ஐஸ்கிறீமும். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிற எங்கள் வீட்டில், மே மாதத்திலும் ஹீட்டரைப் போட்டு, அறைக்கு அறை நீல ஜேர்சிகளைத் தொங்கவிட்டு, "இது வீடோ, லோண்டறியோ?" என்று அம்மா ஞாயிறு தவறாமல் கேட்பதுதான் கோடை.

அப்பா எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். உதைபந்தாட்ட அணிக்கு, எங்கள் பேச்சில் "ரீமுக்கு", மனேஜர். ஆள் குறைந்தால் கோல் காப்பவரும் அவரே. கல்லூரி என்றால் பட்டம் கொடுக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம். அப்படி ஒவ்வொரு கல்லூரிக்கும் லண்டனில் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு ரீம், கோடை ஞாயிறுகளில் மோர்டன் பக்கத்து மைதானத்தில் அவர்களுக்குள் ஒரு கப் போட்டி. எங்கள் கல்லூரிக்கு மட்டும் ஊரில் கட்டடம் இல்லை. கடற்கரையோரம் இருந்த அதை யுத்தம் விழுங்கி, பிறகு இராணுவம் வேலி போட்டுவிட்டது. அங்கே ஒரு சுவர்கூட மிச்சமில்லை என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். "ஞாயிற்றுக்கிழமையிலை பதினொரு பேரின்ரை முதுகிலைதான் எங்கட பள்ளிக்கூடம் நிக்குது" என்று அப்பா சொல்லுவார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

அந்தப் பதினொரு பேரும் லேசுப்பட்டவர்கள் அல்ல, தோற்பதில். முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நிற்பார்கள். "முதல் பஸ்காரர் வந்திட்டினம்!" என்று மற்றக் கல்லூரிக்காரர் எங்கள் கூடாரத்தைப் பார்த்துக் கூவுவார்கள். மட்டன் றோல்ஸ் விற்கிற மாமிகூட எங்களுக்கு முதலில் பொரித்துத் தருவார், போக நேரமாகிவிடும் என்று.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த கோடையில் வதனன் அண்ணை வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத, இடது காலால் மட்டும் பேசுகிற ஆள். விசாக் கேஸ் முடியாமல் ஓர் உறவினர் வீட்டு மேலறையில் இருந்தவரை அப்பா எங்கேயோ கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எங்கள் கல்லூரியும் இடம்பெயர்ந்து, வேறொரு பள்ளிக்கூடத்து வளவில் ஓலைக் கொட்டிலில் பின்னேரங்களில் நடந்ததாம். அந்தக் கொட்டிலில் படித்தவர் அவர். கல்லூரி இருந்த கடற்கரையை, அதன் மணிக்கூண்டை, வேப்பமரத்தை அவர் கண்டதே இல்லை. ஆனால் முதல் நாள் அப்பா நீல ஜேர்சியைக் கையில் கொடுத்தபோது அதை முகத்தில் வைத்து ஒருமுறை மணந்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். முதுகில் ஒன்பது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதல் ஞாயிறு வென்றோம். சரி, குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த ஞாயிறும் வென்றோம். கொத்துரொட்டிக் கடைக்காரர் கொத்துத் தகடுகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வரத் தொடங்கினார். பந்து வதனன் அண்ணையின் காலுக்குப் போனால் எங்கள் கூடாரத்தில் இருந்த தொந்திக்கார மாமாமார் எல்லாம் ஒரேயடியாக எழும்புவார்கள். கதிரைகள் பின்னால் விழும். இறுதி ஆட்டத்தில் மழை. சேற்றில் மூன்று பேரை வெட்டிக் கடந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போனதும், பத்து வருடமாய் "உந்தப் பந்துச் சனியன்" என்று திட்டிக்கொண்டிருந்த என் அம்மா, குடையை எறிந்துவிட்டுக் கத்திய கத்தல் இருக்கிறதே, அதை நான் வேறெந்த நாளிலும் கேட்டதில்லை. கப் எங்கள் வீட்டுக்கு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, அம்மா அதற்குக் கற்பூரமும் காட்டினார். வதனன் அண்ணை சோபா நுனியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். லண்டனுக்கு வந்து அன்றுதான் வயிறு நிறைந்தது என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தோல்வி பழகியிருந்தது, வெற்றி பழகியிருக்கவில்லை. "வெளியாளைப் போட்டு வெண்டவை" என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். பொறாமையில் சொல்கிறான், போடா என்று சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய கதை. எங்கள் சங்கத்தவர்களுக்கோ மானம் போய்விட்டது. பனிக்காலத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. பின்வரிசையில் பிள்ளைகள் நாங்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சங்கத் தலைவர், கழுத்துப்பட்டி கட்டிய டொக்டர் மாமா, எழுந்து, "கப் வெண்டது பெரிசில்லை. சுத்தமாய் வெண்டதெண்டு இருக்கோணும்" என்றார். இனிமேல் எங்கள் கல்லூரியில் படித்ததற்குச் சேட்டிபிக்கற் காட்டுபவர்தான் விளையாடலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பதிவேடுகள் இருந்த கந்தோர் எரிந்து, அலுமாரி எரிந்து, கூரையும் இல்லாமல் போன ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சேட்டிபிக்கற்!

வதனன் அண்ணை எழும்பினார். "கொட்டிலிலை படிச்சனான். அதையும் விட்டிட்டு ஓடேக்கை ஆர் கடதாசி எடுத்தது? நான் இப்ப ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு கையையும் பக்கத்தில் நேராக வைத்துக்கொண்டு, காலை வழிபாட்டில் நிற்கிற பெடியனைப் போல, கல்லூரிக் கீதத்தைப் பாடத் தொடங்கினார். நல்ல குரல் இல்லை. நடுவில் உடைந்தது. ஆனாலும் ஒரு வரியும் விடாமல் கடைசிவரை பாடினார். பாடி முடிய, முன்வரிசையில் ஒருவர், "பாட்டு ஆரும் பாடமாக்கலாம்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

விதிக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தச் சொன்னார்கள். கைகள் எழும்பின. மேடையோரம் இருந்த அப்பா குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய கையும் எழும்பியது.

வீட்டுக்குப் போகும்போது காருக்குள் அம்மா யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அப்பாதான் பொறுக்கமாட்டாமல், "நான் கை தூக்காட்டிச் சங்கம் உடைஞ்சிடும், விளங்குதோ?" என்றார்.

"சங்கம் உடையாது. ரீம்தான் உடையப்போகுது" என்றார் அம்மா. பிறகு, "அதுசரி, உங்கட சேட்டிபிக்கற் எங்கை?" என்று கேட்டார்.

அப்பாவிடமும் அது இல்லை. கடல் கடந்து வரும்போது உடுத்திருந்த உடுப்பைத் தவிர வேறொன்றும் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் செயலாளரிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

அடுத்த நாள் காலை வாசற் கைப்பிடியில் ஒரு கடைப்பை தொங்கியது. உள்ளே ஒன்பதாம் இலக்க ஜேர்சி, தோய்த்து, அயன் பண்ணி, கொலரை உள்ளே மடித்து. துண்டுக் கடதாசிகூட இல்லை. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் மேலே வெந்நீர்ப் பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் வைத்தார்.

அம்மா சொன்னதுதான் நடந்தது. விதி வந்தபோதுதான் தெரிந்தது, நல்ல விளையாட்டுக்காரர் பலரிடம் கடதாசி இல்லை என்று. இருந்தவர்களில் இரண்டு பேர், "வதனனுக்கில்லாத ஜேர்சி எங்களுக்கும் வேண்டாம்" என்று விலகினார்கள். அடுத்த கோடையில் மீண்டும் முதல் பஸ். கப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளில் அம்மா ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு வட்டத் தடம் மட்டும் மிஞ்சியது.

அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். வேலை முடிந்து வந்ததும், சேட்டிபிக்கற் விதியை மறந்துவிட்டு, ஆள் தேடி ரெலிபோனும் கையுமாக நிற்பார். "தம்பி, ஒரு ஞாயிறு, ஒரேயொரு ஞாயிறு" என்று கெஞ்சுவார். கடைகளின் பின்வாசலில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைப் பிடிக்கச் சப்பாத்துச் சோடிகளைக் காருக்குள் போட்டுக்கொண்டு காத்திருப்பார். லண்டனின் மறுகோடியில் இருக்கும் இல்ஃபோர்ட் வரைக்கும் போய் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். அவர் அரை மணித்தியாலம் ஓடிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். பதினொரு பேர் சேராவிட்டால் எங்கள் கல்லூரியின் பெயரைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவதாக நடத்துகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். பெயரை எடுத்தால் கல்லூரி எங்கே இருக்கும்? அப்பாவைத் தின்றது அந்தக் கேள்விதான்.

அதற்கடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு, வதனன் அண்ணை வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனுக்குப் போனார். நான் காருக்குள் இருந்து கண்ணாடியூடாகப் பார்த்தேன். அப்பா கவுண்டருக்கு முன்னால் நின்று பேசினார். ஆள் வந்தால் விலகி நின்றார், ஆள் போனதும் திரும்பவும் போய்ப் பேசினார். கடைசியில் இரண்டு கையையும் கூப்பினார். என் அப்பா கோயிலுக்கு வெளியே கைகூப்பி நான் கண்டது அன்றைக்குத்தான். வதனன் அண்ணை பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். காருக்கு வந்த அப்பா, "ஞாயிறு அவனுக்கு ஷிப்டாம்" என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

மறுநாள் எட்டுப் பேர்தான் வந்தார்கள். அப்பா கையுறையைப் போட்டுக்கொண்டு ஒன்பதாவது ஆளானார். பிறகு என் தம்பியைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. ஜேர்சி முழங்காலுக்குக் கீழே வந்தது. அழுதுகொண்டே ஓடிப்போய் நின்றான். நடுவர் நேரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஊதலை ஊதினார். அப்போதும் பத்துப் பேர்தான்; ஆட்டம் நடக்காமலேயே தோற்றோம். எதிர் ரீம் பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டது. அப்பா மட்டும் கோல் கம்பங்களுக்கு நடுவில், கையை விரித்தபடி, யாரோ அடிக்கப்போகிறார்கள் என்பதுபோல நின்றுகொண்டே இருந்தார். அம்மா போய்த்தான் கூட்டி வந்தார்.

அந்த மைதானத்தில் எங்கள் கூடாரம் அதற்குப் பிறகு போடப்படவில்லை. சங்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இப்போது ஒரு வட்ஸ்அப் குழு. அதில் மரண அறிவித்தல்கள் மட்டும் வரும். அம்மா போய்விட்டார். அப்பாவுக்குக் கைத்தடி.

போன கோடையில், "மோர்டனுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றார். மடியில் ஒரு கடைப்பை. என்ன என்று நான் கேட்கவில்லை. மைதானத்தில் இப்போது உணவு வண்டிகள், பெரிய ஒலிபெருக்கிகள், ஆங்கிலத்தில் கத்துகிற பெடியள். வேறொரு கல்லூரியின் சிவப்பு ஜேர்சியில் ஒரு பெடியன் பந்தைக் காலில் எடுத்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அதே இடது கால். "அடியடா தம்பி! அடி!" என்று அவர் கத்த, பக்கத்தில் நின்றவர் திரும்பி, "ஐயா, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

மைதானக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வதனன் அண்ணை நின்றார். தலை நரைத்துவிட்டது. மனைவி படித்த கல்லூரிக்காகத்தான் மகன் விளையாடுகிறான் என்றார். அப்பா பையை நீட்டினார். வதனன் அண்ணை உள்ளே பார்த்தார், நீலத்தைக் கண்டார், வாங்கவில்லை. "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்றார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

அதற்குள் ஆட்டம் முடிந்து பெடியன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அப்பா, இந்த அங்கிள் ஆர்? நீங்க ரெண்டு பேரும் ஒரே ரீமா? விச் காலேஜ்?"

என் அப்பா, அந்த வயதான மனிதர், வதனன் அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லு, ஒரு தரம் சொல்லு என்று கெஞ்சுகிற பார்வை அது.

"அங்கிள் எங்களுக்கு நல்ல சாப்பாடு தந்தவர்" என்றார் வதனன் அண்ணை. "நான் பள்ளிக்கூடத்துக்கு விளையாடேல்லை, தம்பி."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பையிலிருந்த ஒன்பதாம் இலக்க ஜேர்சியை எடுத்து, அழுக்கே இல்லாத அதைச் சமையலறைத் தொட்டியில் போட்டுக் கையால் தோய்த்து, பிழிய ஏலாமல் அப்படியே கொண்டுபோய் முன்னறை ரேடியேட்டரில் விரித்துவிட்டார். ஓகஸ்ட் மாதம், ஹீட்டர் போடவில்லை. நான் புறப்படும்வரை அதிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு, அது காயட்டும் என்று இருந்தார்.