மறுபடி வந்தால்தான் உள்ளே

சிவசங்கரனிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் இரண்டு தடவை போக வேண்டும். ஆடுகோடியில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அங்கே ஒரு லேத் பட்டறையில் அவர் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். டிரில் பிட் வேண்டும், கையுறை வேண்டும் என்று யார் ஜன்னலில் தலையை நீட்டினாலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போய் டீ குடிச்சிட்டு வா" என்பார். நிஜமாகவே வேண்டியவன் திரும்பி வருவான், சும்மா கேட்டவன் டீயோடு போய்விடுவான் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. பட்டறையில் கையுறைச் செலவு குறைந்தது, எதிர்த்த டீக்கடை தழைத்தது.

கல்யாணத்திலும் அப்படித்தான். சீதாலட்சுமியின் போட்டோவோடு தரகர் வந்த அன்று, "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பியவர் அவர். தரகர் நல்ல மனிதர், மறுபடி வந்தார். வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சீதாலட்சுமி இன்றைக்கும், முக்கியமாகப் பாத்திரம் தேய்க்கும்போது, யோசிப்பதுண்டு.

பட்டறையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்தது போன வருஷம். ஃபிரிட்ஜ் மேல் வைத்து, துண்டால் துடைத்து, "இதான் இனிமே நம்ம வீட்டுத் தபால் ஆபீஸ்" என்றார். ஊர் உலகத்தில் எல்லோருடைய மெயிலும் ஏதோ ஒரு கம்பெனியின் இயந்திரத்தில்தான் கிடக்கிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம கடுதாசி எதுக்கு அடுத்தவன் வீட்டுல தூங்கணும், சொல்லு?"

சீதாலட்சுமி அதிகம் பேசுகிறவள் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீடியோ பார்த்துப் பார்த்து அவர் ஒரு வழியாக அதை ஓட வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் சொந்தப் பெயரில் மெயில் முகவரி கிடைத்தது. மூன்று வயது தாரணிக்கும் கிடைத்தது. பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டுக்காரர் கோவிந்தப்பாவுக்கும் ஒன்று கொடுத்தார். அவருக்கு இதுவரை ஒரு மெயிலும் வந்ததில்லை. ஆனாலும் மாடிக்கு வரும்போதெல்லாம் ஃபிரிட்ஜைப் பார்த்து, "நம்ம டப்பா ஹேகிதெ?" என்று கன்னடத்தில் நலம் விசாரிப்பார்.

கொஞ்ச நாளில் குப்பை மெயில் கொட்ட ஆரம்பித்தது. லாட்டரி, கடன், முடி வளர்க்கும் எண்ணெய். சிவசங்கரன் தேடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கத்தினார்.

"சீதா! இங்க வா! இதுல ஒரு செட்டிங் இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஆள் மெயில் கொண்டுவந்தா, 'இப்ப முடியாது, கொஞ்சம் கழிச்சு வா'ன்னு மெஷினே சொல்லிடுமாம். நல்ல மெயிலா இருந்தா தானா திரும்பி வரும். குப்பை அனுப்புறவனுக்கு அந்தப் பொறுமை ஏது? ஓடிடுவான். என்னை மாதிரியே யோசிக்கிற ஒருத்தன் எங்கயோ உக்காந்து இதை எழுதியிருக்கான்!"

அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒருத்தர் போதாதாங்க?" என்றாள் சீதாலட்சுமி.

செட்டிங்கைப் போட்ட பிறகு குப்பை நின்றது. அவர் கையுறையைக் காப்பாற்றிய அதே பெருமையோடு நடமாடினார்.

இந்த நேரத்தில்தான் தாரணியைப் பள்ளியில் சேர்க்கும் விஷயம் வந்தது. பின்தெருவில், நடந்தே போகிற தூரத்தில் ஒரு பள்ளி. துணி காயப்போடும்போது மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவது தெரியும். சீதாலட்சுமி எட்டாவதோடு நின்றவள். ஊரில் பள்ளிக்கூடம் தூரம், பஸ்ஸும் கிடையாது. இந்த ஊருக்கு வந்து தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. இந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சீட்டை மட்டும் கேட்டாள்.

விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டிருந்தார்கள். கீழ்வீட்டு ஷில்பாவின் முகவரியைப் போடலாமே என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "சொந்த வீட்டுல அடுப்பு இருக்கும்போது பக்கத்து வீட்டுல சோறு வடிப்பாங்களா?" என்று சொல்லி, ஃபிரிட்ஜ் மேல் இருப்பதையே போட்டார்.

சீட் கிடைத்தால் மெயில் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதற்குப் பதில் போட வேண்டும். போடாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்கு. அந்த வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஷில்பா பூரிப்போடு வந்தாள்.

"சீதா அவ்ரே, நம்ம பையனுக்கு சீட் ஆயித்து! மெயில் முந்தாநேத்தே வந்திருச்சு. உங்களுக்கு?"

சீதாலட்சுமிக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சிவசங்கரனைத் தட்டு முன்னால் உட்கார விடவில்லை. "எல்லாருக்கும் வந்துருச்சாம்" என்றாள்.

அவர் வயரை ஆட்டினார். கம்ப்யூட்டரின் மின்விசிறித் தூசியை ஊதினார். தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பினார். உடனே வந்தது.

"பாத்தியா? நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டா வராம எங்க போகும்?"

பிறகு, யார் யார் வந்தார்கள் என்று இயந்திரம் எழுதிவைக்கும் பக்கத்தைத் திறந்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. பள்ளியின் மெயில் புதன்கிழமையே வந்திருந்தது. தெரியாத ஆள் என்று இயந்திரம் திருப்பி அனுப்பியிருந்தது. மெயிலும் மரியாதையாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் பள்ளி ஒரு பெரிய கம்பெனி மூலம் மெயில் அனுப்புகிறது. அவர்களிடம் ஏகப்பட்ட இயந்திரங்கள். எது சும்மா இருக்கிறதோ அது கொண்டுவரும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம், ஒவ்வொரு புது முகத்துக்கும் அதே பதில். அப்போதிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

சீதாலட்சுமி கொஞ்ச நேரம் அதை மனதில் போட்டுப் பார்த்தாள்.

"கல்யாணப் பத்திரிகை வைக்கப் பெரியப்பா வர்றாரு. அப்புறம் வாங்கங்கறோம். சரி, சித்தப்பா எடுத்துட்டு வர்றாரு. அவரையும் அப்புறம் வாங்கங்கறோம். மாமா வந்தாலும் அதே. அப்புறம் அந்தக் கல்யாணத்துக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுங்க போறது?"

சிவசங்கரன் தாடையைச் சொறிந்தார். "அடுத்து பெரியப்பாவே வந்தாலும் வரலாம். கொஞ்சம் பாப்போம்."

"ஏங்க!"

அந்தக் குரல் அவளிடம் இருந்ததே இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. அவள் தாரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அவர் சாப்பிடாமலே பின்னால் ஓடினார்.

பள்ளி அலுவலக ஜன்னலில் சந்திரம்மா உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கணவனின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் சீதாலட்சுமி முன்னால் போய் நின்று, மகளின் பெயரைச் சொன்னாள்.

"நாங்க மெயில் போட்டாச்சும்மா. உங்க ரிப்ளை எல்லி, காணோமே?" என்றார் சந்திரம்மா.

"மேடம், எங்க வீட்டு மெயில் தெரியாதவங்களை உள்ள விடாது. அப்புறம் வான்னு சொல்லிடும். இவர்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்காரு."

"எங்களையுமா?"

"உங்களைத்தாங்க. வந்தப்பல்லாம்."

சந்திரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஜன்னலில் உட்கார்ந்து எத்தனையோ பேரை அப்புறம் வரச் சொன்னவர் அவர். அவரை ஒருவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. சிவசங்கரனை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், நீங்க எந்த ஆபீஸ்?"

"ஸ்டோர்ஸ், மேடம்."

"அதானே."

குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, சிவசங்கரன் போனிலேயே வீட்டு இயந்திரத்துக்குள் நுழைந்தார். இந்தப் பள்ளியின் பெயரில் யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் விடு என்று எழுதிச் சேர்த்தார். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். சந்திரம்மா மெயிலை மறுபடி அனுப்பினார். போன் டிங் என்றது.

சிவசங்கரன் 'மதிப்பிற்குரிய' என்று பதிலை ஆரம்பித்தார். "சரின்னு மட்டும் போடுங்க" என்றாள் சீதாலட்சுமி. போட்டார்.

"வரல்லே" என்றார் சந்திரம்மா.

காத்திருந்தார்கள். வரவில்லை. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து சீதாலட்சுமி மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஜங்க்ல பாருங்க மேடம்" என்றார் சிவசங்கரன், சுவரிடம் சொல்வதுபோல.

கார் பரிசுக்கும் முடி எண்ணெய்க்கும் நடுவில் கிடந்தது அவர் பதில். வீட்டிலிருந்து ஓடும் இயந்திரத்தின் மெயில் என்றாலே பெரிய கம்பெனிகள் அப்படித்தான் ஒதுக்குமாம். அவருக்கு அது முன்பே தெரியுமாம்.

"அப்ப எங்கம்மாவுக்கு நீங்க அனுப்பின பொங்கல் வாழ்த்து?"

அவர் சுவரில் மாட்டியிருந்த மிருகங்களின் படத்தை மும்முரமாகப் பார்த்தார்.

சந்திரம்மா மெயிலை இழுத்து வெளியே போட்டார். "ஜங்க் இல்லன்னு ஒரு பட்டன் இருக்கும் மேடம், அதையும் அழுத்திடுங்க" என்று கெஞ்சினார் சிவசங்கரன். சந்திரம்மா அதையும் அழுத்தினார். "ஆயித்து. தாரணி, எல்.கே.ஜி." என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சீதாலட்சுமி மகளின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

தெருவில் இறங்கியதும் சிவசங்கரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேணும்னா அந்த செட்டிங்கை எடுத்துடறேன்."

சீதாலட்சுமி யோசித்தாள். "உங்க தங்கச்சி வீட்டுக்காரரு தினம் காலைல பூ படம் போட்டு வணக்கம் அனுப்புறாரே, அவரை எப்பவுமே அப்புறம் வரச் சொல்ல முடியுமா?"

"அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கு!" சிவசங்கரனின் முகம் மலர்ந்தது. பசி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.