மாமியாரின் குரலில் ஒரு சார்ஜன்ட்

நூர்தீன் நானா மௌத்தாகிவிட்டார் என்று மாத்தளைச் சந்தையில் வெற்றிலைக் கடைக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டாலே சிரித்துப் பழகிய வாய். சாவுச் செய்தி உறைத்ததும் கடையோரத்திலேயே நின்று அழுதேன்.

அவரிடம் படம் பார்த்த தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தோட்டம் தோட்டமாகத் தூக்கித் திரிய அவரிடம் இருந்தது ஒரு பழைய புரொஜெக்டர், ஒரே ஒரு ரீல். உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் தொடராக எடுத்த சிரிப்புப் படங்களில் ஒன்று. மற்றவை அவருக்குக் கிடைக்கவே இல்லை. தடித்த சார்ஜன்ட் ஒல்லிச் சிப்பாயை விரட்டுவார், கடைசியில் மாவுத் தொட்டியில் விழுவார். அவ்வளவுதான் கதை. இங்கிலீஷ் சத்தத்தை நிறுத்திவிட்டு நானாவே தமிழில் பேசுவார். வந்ததும், "இங்க ஆகக் கூடக் கத்துறது யாரு மாஸ்டர்?" என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் விசாரிப்பார். அன்று சார்ஜன்டுக்கு அந்த ஆளின் குரல். "படம் ஒண்ணுதான், ஏச்சு மட்டும் புதுசா ஈக்கணும்" என்பார்.

எங்கள் தோட்டத்தில் அது, ஆட்களை விரட்டி வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் குரல். ஒரு முறை, ஊரடங்குக் காலம் என்பதால் பகலிலேயே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டி, இருட்டாக்கிப் படம் ஓட்டினோம். சார்ஜன்ட் மாவில் விழ, சனம் உருண்டு சிரிக்கிற நேரம் பார்த்துத் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள் நுழைந்தார்கள். "ஆமிக்காரன் விழுந்தா உங்களுக்குச் சிரிப்பா?" என்று அதிகாரி சிங்களத்தில் அதட்டினார். முன்னால் இருந்த என் தம்பி மணியத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றிய பிள்ளைகளில் பலர் வீடு திரும்பவில்லை.

"மாத்தயா, அது ஆமிக்காரரில்ல, என்ட மாமி" என்றார் நானா, சிங்களத்தில். "ஒருக்கா பாருங்க. பொறகு யார வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க."

ரீலைத் திருப்பிச் சுற்றினார். இந்த முறை சார்ஜன்ட் பேசியது சிங்களம். "பெருநாளுக்குச் செஞ்ச வட்டிலப்பத்தத் தின்னு முடிச்சது நீதானே?" என்று மாமியார் துரத்த, ஒல்லி மருமகன் ஓடினான். சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள். அதிகாரி மணியத்தின் சட்டையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாமியார் மாவில் விழுந்ததும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடிக்க அதிகாரிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன. மணியம் விடுபட்டான்.

ஜீப் போன பிறகு நானா ரீலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "ஆமி போயிட்டாங்க மாஸ்டர். இது மாமிக்குத் தெரிஞ்சா?" என்றார். தெரிந்துதான் போனது. அந்தப் பெருநாளைக்கு அவருக்கு மட்டும் வட்டிலப்பம் இல்லை.

நானா எனக்கு விட்டுப்போனது என் தம்பியை. தலை நரைத்து, பேரப்பிள்ளையும் கண்டுவிட்ட அவன், அடக்கத்துக்குக் கொண்டுபோன ஜனாஸாவைத் தூக்க என்னை முந்திக்கொண்டு தோள் கொடுத்தான்.