உலுவேஹி திறந்து வைத்த கூழ்ச்சட்டி

ஹீலோ என்கிற தீவு ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் உலுவேஹிக்குச் சண்டை என்றால் ஆகவே ஆகாது. பின் இருக்கையில் இரண்டு பையன்கள் முறைத்துக்கொண்டால் போதும், வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுவாள். இரண்டு பேரும் சமாதானமாகிச் சிரிக்கும்வரை வண்டி நகராது. தலைமை ஆசிரியர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் பள்ளி மணியடிக்கும் நேரத்தையே கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டார்.

வேலை தேடி லாஸ் வேகாஸுக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அதற்கும் அவள் சண்டை போடவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கருவாடு அனுப்பி வைக்கிறாள். அவனும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்கிறான்.

அப்பேர்ப்பட்டவளின் கூடப்பிறந்தவர்கள்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் மோசஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இமு என்கிற மண்ணடுப்புக் குழி வெட்டி முழுப் பன்றியை வேகவைப்பதில் ஹீலோவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை ஊர் சொல்வதற்கு முன் அவரே சொல்லிவிடுவார். போன வருஷம் மாமன் மகள் கல்யாணத்தில் அவர் குளிக்கப் போன சமயத்தில், விருந்தாளிகளுக்குப் பசிக்கிறதே என்று தம்பி லோபகா குழியைத் திறந்துவிட்டான். தொடைக்கறி பச்சையாக இருந்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் டப்பா இறைச்சியும் சோறும் தின்றுவிட்டுப் போனது. "இனிமே என் குழிப் பக்கம் உன் நிழல் விழக் கூடாது!" என்று அத்தனை பேர் முன்னாலும் மோசஸ் கத்தினார். அன்றிலிருந்து "உன் தம்பிகிட்ட சொல்லு", "உன் அண்ணன்கிட்ட சொல்லு" என்று இருவருக்கும் நடுவில் உலுவேஹிதான் தபால்காரி.

இப்போது லோபகாவின் மகள் ஹோக்குவுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு லூவாவ் விருந்து வைக்காதவனை ஹீலோவில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். உலுவேஹியின் வீட்டுக் கொல்லையில்தான் விருந்து. குழிக்கு மோசஸைத் தவிர வேறு யாரைக் கூப்பிட முடியும்? "குழந்தைக்காக வர்றேன். அவன் என் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லித்தான் அவர் வந்தார். உலுவேஹிக்கு ஒரே ஒரு ஆசை. அன்று ஒருநாளாவது அண்ணனும் தம்பியும் சண்டையில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போயி என்கிற சேப்பங்கிழங்குக் கூழ் இருக்கும் சட்டியைத் திறந்து வைத்துவிட்டால், அந்த இடத்தில் யாரும் சண்டை போடக் கூடாது என்பது அந்தத் தீவில் பழைய வழக்கம். அவர்களுடைய பழங்கதைப்படி சேப்பங்கிழங்கு மனுஷர்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். அவர் உட்கார்ந்திருக்கும்போது குரல் உயர்த்துகிற துணிச்சல் அந்த வீட்டில் எவனுக்கும் கிடையாது.

விடிகாலையில் மோசஸ் குழியில் விறகடுக்கி எரிமலைக் கற்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, பெரிய மரச்சட்டியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"காலங்காத்தால கூழா? யாரு குடிக்கப் போறா?"

"யாரும் குடிக்க வேணாம். சும்மா இருக்கட்டும் அண்ணே."

மோசஸுக்குப் புரிந்துவிட்டது. "இந்த வீட்டுக்கு மூத்தவன் நானு, தெரியுமில்ல?"

"உனக்கும் மூத்தவரு இவரு. வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு."

கல் சிவந்தது. அதன்மேல் நசுக்கிய வாழைத்தண்டைப் பரப்பி, பன்றியின் வயிற்றுக்குள்ளும் சுடுகற்களை வைத்து, இலையும் ஈரச்சாக்கும் தார்ப்பாயும் போட்டு மண்ணள்ளி மூடினார் மோசஸ். அந்த நேரமெல்லாம் லோபகா சமையலறையில் உப்பு மீனையும் தக்காளியையும் பிசைந்துகொண்டிருந்தான். அவன் வெங்காயம் எடுக்க வெளியே வந்தால் உலுவேஹியும் சட்டியோடு வெளியே வருவாள். மோசஸ் தண்ணீர் குடிக்க உள்ளே போனால் சட்டியும் உள்ளே போகும். மழை பிடித்துக்கொண்டதும், தான் நனைந்தபடி சட்டிக்குக் குடை பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "உலு, அதுக்கு ஒரு சட்டையும் தச்சுப் போட்டுரு, குளிரப் போகுது!" என்று கத்தினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உலுவேஹியும் சிரித்தாள். கை மட்டும் கடுத்தது.

சண்டை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

மத்தியானம் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். உக்குலேலே வாசிப்பும் பாட்டும் களைகட்டின. மோசஸ் பந்தலுக்கு அடியில், குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் கைவண்ணத்தைத் தானே அளந்துகொண்டிருந்தார். அப்போது லோபகா முகமெல்லாம் வெளிறி உலுவேஹியிடம் ஓடிவந்தான்.

"அக்கா, மழையில மண்ணு கரைஞ்சு மேக்கால ஆவி போகுது. இப்படியே விட்டா இந்தப் பன்னியும் வேகாது."

"மண்ணள்ளிப் போடேன்டா!"

"நான் தொடக் கூடாதுல்ல? சொன்னாலும் சண்டைதான் வரும். சட்டி வேற தொறந்து கெடக்கு. நீ போய்ச் சொல்லுக்கா."

உலுவேஹி பழக்க தோஷத்தில் இரண்டடி வைத்துவிட்டாள். அப்புறம் நின்றாள். பத்தடி தூரத்தில் இருக்கிற அண்ணனிடம், பிறந்தநாள் குழந்தையின் அப்பன் ஆள்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இதைத்தான் காலையிலிருந்து சமாதானம் என்று குடைபிடித்துக் காத்துக்கொண்டிருந்தோமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மூடியை எடுத்துச் சட்டிமேல் அழுத்தினாள்.

"நான் போக மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

"சண்ட வரும்க்கா!"

"வரட்டும்."

லோபகா பந்தல் பக்கம் திரும்பினான். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான். "அண்ணே! மேக்கால ஆவி போகுது!"

உக்குலேலே நின்றது. மோசஸ் திரும்பினார், குழியைப் பார்த்தார், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "என் குழிப் பக்கம் வராதேன்னு சொன்னேனா இல்லையா?"

"திட்டறத அப்புறம் திட்டு! மொதல்ல அள்ளிப் போடு!" லோபகாவும் ஒரு மண்வெட்டியோடு எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டான்.

"பச்சக்கறி போட்ட பய எனக்குச் சொல்லித் தர்றான்!"

"ஒரே ஒரு தடவ அண்ணே! எத்தன நாளு அதையே சொல்லிக் காட்டுவ?"

"சாகற வரைக்கும்!"

"சொல்லு! ஆனா எம் மூஞ்சிக்கு நேராச் சொல்லு! அக்காகிட்ட சொல்லி அனுப்பாத!"

வாய் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. மண் விழ விழ ஆவி அடங்கியது. அன்று மாலை அந்தப் பன்றி விரலால் தொட்டாலே பிரிகிற பதத்தில் வெந்து வந்ததைப் பற்றி ஹீலோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த நிமிஷம் கறியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மோசஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"உனக்குப் பொண்ணு பொறந்தத நான் மீன் மார்க்கெட்டுல கேள்விப்பட்டேன்டா. எவனோ மீன் வெட்டறவன் சொல்றான்."

"அக்காகிட்ட சொல்லி அனுப்பினேனே..."

"அவ வந்தது அதுக்கப்புறம். அவ சொல்லி எனக்குத் தெரியணுமா? நீ வந்து சொல்ல வேணாமா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமாம் வெக்கம்! சின்ன வயசுல எந்தோள்மேல உக்காந்து எந்தலையிலயே ஒண்ணுக்குப் போனியே, அப்ப எங்கடா போச்சு உன் வெக்கம்?"

கூட்டம் சிரித்துவிட்டது. லோபகா சிரித்தானா அழுதானா என்று மழையில் தெரியவில்லை. "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு வெட்டு போடு, கழுத!" என்றார் மோசஸ். "போதும் அண்ணே, இது குழியா கல்லறையா?" என்று அவன் திருப்பிக் கொடுத்தான். மறுபடியும் கத்தல் தொடங்கியது.

உலுவேஹிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தவள் இப்போது பக்கத்திலேயே வந்து நின்று முழங்கையால் இடித்தாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கற? சட்டியத் தொற, அவங்க வாய் அடங்கட்டும்."

உலுவேஹி இரண்டு கையாலும் மூடியை இறுக்கி அழுத்திக்கொண்டாள்.

"வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போடட்டும்."