நீக்கிய காரணம்: தமிழ் எழுத்தில் இல்லை

டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் சிலர் இணையத்தில் ஒரு விவாதக் களம் நடத்திவந்தோம். ஒவ்வாத பதிவுகளை நீக்குவது என் பொறுப்பு. தமிழ் எழுத்தில் இல்லாத எதுவும் நிற்கக் கூடாது என்று விதி வைத்தவளும் நான்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படியாவது எழுதிப் பழகட்டும் என்ற ஆசை. ஆங்கில எழுத்தைக் கண்டால் படிக்காமலே நீக்கிவிடுவேன். ‘கத்தரிக்கோல் மேடம்’ என்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று போன மார்ச்சில்தான் தெரிந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி,” என்று கத்தினேன்.

“கேட்டேன்மா. உங்க க்ரூப்லதான் கேட்டேன்.”

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

களத்தை அதற்குள் மூடிவிட்டிருந்தோம். பழைய பதிவுகள் மட்டும் அப்படியே கிடந்தன. நீக்கியவை அங்கே தெரியாது. அவற்றின் பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டு எனக்கு மறந்துபோயிருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும், களத்தைத் தொடங்கிய பெரியவரிடம் கேட்டேன்.

“என்ன மேடம், வெட்டினதையெல்லாம் ஒட்டப் போறீங்களா?” என்று சிரித்தார். ‘மகள் எழுதினது ஒண்ணு அதுல இருக்கு’ என்றதும் உடனே அனுப்பினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வரிவரியாகத் தேடினேன். ஏதோ ஒரு புனைபெயரில், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருந்தது அது.

“காலேஜ் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. அம்மா குடுக்கற டப்பாவ மெட்ரோ ஸ்டேஷன்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வரேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? யாராவது ஜல்தி சொல்லுங்க.”

நீக்கிய காரணம்: தமிழ் எழுத்தில் இல்லை. நீக்கியவர் இடத்தில் என் பெயர். அவள் எழுதி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

போன் செய்தேன். “அத எடுத்தது நான்தான்டி.”

“தெரியும்மா. எடுத்துட்டோம்னு வந்த மெயில்ல உன் பேர் இருந்துது. படிச்சிட்டு, மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி டப்பா கட்டிக் குடுத்தியே, அதான்மா...”

“நான் படிக்கவே இல்லடி.”

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்து அடங்கியது.

“அச்சா... படிக்கலையா,” என்றாள்.

அவள் போனை வைக்கவில்லை.